ஓடைக்கரையில் எதை வெட்டுவது, எதை விடுவது: வெள்ளம் தடையின்றிப் போக ஒரு செயல்முறை

மழைக்காலத்துக்கு முன் ஓடையைச் சுத்தம் செய்வது என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பொக்லைனை இறக்கி, இரண்டு கரையையும் மொட்டையடித்து, படுகையைத் தட்டையாக வழித்துவிடுவார்கள். அந்த வருடம் தண்ணீர் வேகமாகப் போகும். அடுத்த வருடம் கரை சரியும். சரிந்த மண் கீழே போய் வண்டலாகப் படியும். நிழல் போன படுகையில் சம்பும் கோரையும் முன்பைவிட நெருக்கமாக எழும். மூன்றாம் வருடம் மறுபடி பொக்லைன்.

எவ்வளவு வெட்டினோம் என்பதைவிட, எந்தச் செடி, கரையின் எந்த உயரத்தில், எந்த உருவத்தில் நிற்கிறது என்பதே ஓடையின் கொள்ளளவை அதிகம் தீர்மானிக்கிறது. கீழே உள்ள முறை, கரை மட்டத்தில் சுமார் 3 முதல் 15 மீட்டர் அகலமுள்ள ஓடைகளுக்கும் வடிகால்களுக்கும் பொருந்தும். அதைவிடப் பெரிய ஆற்றில் நீரியல் பொறியாளரின் கணக்கு இல்லாமல் கைவைக்கக் கூடாது.

செடி என்ன செய்கிறது

ஓடைக்குள் நிற்கும் செடி மூன்று விதமாகத் தடை செய்கிறது. தண்ணீர் போகவேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. இது சிறிய பங்குதான். உராய்வைக் கூட்டி வேகத்தைக் குறைக்கிறது. இதுதான் பெரிய பங்கு. மூன்றாவது, மிதந்துவரும் குப்பையைப் பிடித்து நிறுத்தி, தன் அளவைவிடப் பல மடங்கு பெரிய அடைப்பாக மாறுகிறது. இதைக் கணக்கில் கொண்டுவருவது கடினம். ஆனால் திடீரென்று கரை உடைவதற்குப் பல இடங்களில் காரணம் இதுவே.

உராய்வைக் கணக்கிட, அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-இல் முன்வைத்த வாய்பாடு போதும். நீரோட்டத்தின் குறுக்குப் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தால் நீரியல் ஆரம் கிடைக்கும். அதன் மூன்றில் இரண்டு அடுக்கை, சரிவின் வர்க்கமூலத்தால் பெருக்கி, சொரசொரப்பு எண்ணால் வகுத்தால் வேகம் வரும். அளவெல்லாம் மீட்டரில். சொரசொரப்பு எண்கள் தோராயமாக இப்படி: நேரான, சுத்தமான இயற்கை ஓடைக்கு 0.030, கொஞ்சம் களையும் கல்லும் இருந்தால் 0.035, களை மண்டி மெதுவாக நகரும் ஓடைக்கு 0.070, புதரும் மரமும் அடைந்துகிடந்தால் 0.100 அல்லது அதற்கும் மேல்.

ஓர் உதாரணம். படுகை அகலம் 4 மீட்டர், நீர் ஆழம் 2 மீட்டர், கரைச்சரிவு 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் கிடை, நீளவாட்டச் சரிவு 1000-க்கு 1. பரப்பு 14 சதுர மீட்டர், நனையும் சுற்றளவு 11.2 மீட்டர். கரை ததும்பும் நிலையில் நொடிக்கு எத்தனை கன மீட்டர் போகும்?

- படுகையும் இரண்டு கரையும் சுத்தமாக இருந்தால் (0.030): 17.1
- படுகை சுத்தம், இரண்டு கரையிலும் அடர்ந்த புதர் (0.070): 8.9
- ஒரு கரையில் மட்டும் புதர்: 11.5
- ஒரு கரையின் மேல்பாதியில் மட்டும் புதர்: 13.6
- அதே மேல்பாதியில் புதருக்குப் பதில் அடிக்கிளை கழித்த மரங்கள் (0.045): 15.7

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒரு கரையில் வரிசையாக மரம் நின்றும், மொட்டையடித்த ஓடையைவிட 8 சதவீதம்தான் குறைகிறது. இரண்டு கரையும் புதராக இருந்தாலோ கொள்ளளவு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. ஒட்டுமொத்தச் சொரசொரப்பு 0.030-லிருந்து 0.050 ஆக ஏறினால், அதே 17.1 கன மீட்டரைக் கடத்த 2 மீட்டர் ஆழம் போதாது, 2.6 மீட்டர் வேண்டும். அந்த 60 சென்டிமீட்டர்தான் கரை தாண்டி வெளியே வருகிறது.

மொட்டையடித்த ஓடைக்கு இன்னொரு விலை உண்டு. உதாரண ஓடையில் சுத்தம் செய்தபின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். புல்லில்லாத சாதாரண வண்டல் மண் நொடிக்கு 0.75 மீட்டர் வரைதான் அரிக்காமல் தாங்கும், நுண்மணல் 0.45 மீட்டர். அதே மண்ணில் அருகம்புல் நன்றாகப் பிடித்திருந்தால், எளிதில் கரையும் மண்ணாக இருந்தாலும் 1.8 மீட்டர் வரை தாங்கும். ஆக, வெறும் மண்ணாக விட்ட கரை தன் வேகத்தாலேயே தன்னை அரித்துக்கொள்கிறது. புல் விஷயத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: ஆழமான வெள்ளத்தில் அது படுத்துவிடும், உராய்வு குறையும். விரல் பருமனுக்கு உட்பட்ட, வளையும் தண்டுள்ள செடிகளும் ஓரளவுக்கு இப்படித்தான். கை மணிக்கட்டு அளவு தடித்து விறைத்துவிட்ட புதர் படுக்காது.

முதலில் நடந்து பாருங்கள்

வெட்டுக்கத்தியை எடுக்கும் முன் ஓடை நெடுக நடக்க வேண்டும், தண்ணீர் குறைவாக இருக்கும் காலத்தில், கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி. கையில் அளவு நாடா, நீண்ட கழி, குறிக்கப் பெயின்ட், கைப்பேசி. ஒவ்வொரு 50 அல்லது 100 மீட்டருக்கும் ஒரு குறுக்குவெட்டு எடுங்கள்: கரைமேல் அகலம், படுகை அகலம், ஆழம், என்ன செடி எந்த உயரம்வரை. அதே இடத்திலிருந்து ஒரு படம். அடுத்த வருடம் அங்கேயே நின்று எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால்தான் வளர்ச்சி தெரியும். நினைவை நம்ப முடியாது.

முந்தைய வெள்ளத்தின் தடத்தையும் தேடுங்கள். வேலிக்கம்பியிலும் கிளைகளிலும் சிக்கிய வைக்கோல், பிளாஸ்டிக், மரப்பட்டையில் காய்ந்த சேற்றுக்கோடு, இவை எந்த உயரத்தில் இருக்கின்றன என்று குறியுங்கள். இரண்டு இடங்களுக்கிடையே இந்தக் கோடு சட்டென்று இறங்கினால், நடுவில் ஏதோ ஒன்று தண்ணீரைத் தடுத்துப் பிடித்திருக்கிறது.

அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் இந்த நடையின் நோக்கம். ஓடையின் கொள்ளளவு அதன் மிக மோசமான இடத்தின் கொள்ளளவுதான். கீழே ஒரு குழாய்ப்பாலம் சிறியதாக இருந்து தண்ணீரைத் தேக்கினால், அதற்கு மேலே 300 மீட்டர் புதரை வெட்டியும் நீர்மட்டம் ஒரு விரற்கடைகூட இறங்காது. தேங்கி நிற்கும் தண்ணீரில் வேகமே இல்லை, உராய்வைக் குறைத்து என்ன பயன்? அங்கே பாலத்தைப் பெரிதாக்குவது அல்லது அதன் வாயைத் திறந்துவைப்பதுதான் வேலை.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரு புறமும் வெற்று நிலம், தண்ணீர் பரவினாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்ற பகுதிகளில் செடிகளை விட்டுவிடுங்கள். அங்கே தண்ணீர் தயங்கி நிற்பது கீழே இருப்பவர்களுக்கு நல்லது. மேல்பகுதியை மட்டும் வழவழப்பாக்கினால் வெள்ளத்தை இன்னும் வேகமாகக் கீழே தள்ளுகிறோம், அவ்வளவுதான்.

கரை யாருடையது, மரம் வெட்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், மீன் முட்டையிடும் மாதங்களில் தடை உண்டா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். நீர்நிலையில் வேலை செய்ய அனுமதி தேவைப்படாத இடம் அரிது.

ஓடையை உயரவாக்கில் பிரித்துக்கொள்ளுங்கள்

படுகை, கரையடி, கீழ்ச்சரிவு, மேல்சரிவு என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு.

படுகையில் மரக்கன்று எதையும் விடக்கூடாது. முதல் வருடத்திலோ இரண்டாம் வருடத்திலோ கையால் பிடுங்கினால் வந்துவிடும். நான்கு வருடம் விட்டால் அதன் பின்னால் வண்டல் திட்டு உருவாகும், திட்டின் மேல் இன்னும் பத்துக் கன்று முளைக்கும், ஓடை இரண்டாகப் பிரிந்து இரு கரையையும் அரிக்கத் தொடங்கும். அதேசமயம் படுகையைச் சமதளமாக வழிக்காதீர்கள். கோடையில் ஓடும் சிறு தண்ணீருக்கென நடுவில் ஒரு குறுகிய, ஆழமான தடம் வேண்டும். அந்தத் தடத்தில் தண்ணீர் வேகமாக ஓடி வண்டலைத் தானே நகர்த்தும். அகலத் தட்டையாக்கிய படுகையில் அதே தண்ணீர் அரை அடி ஆழத்தில் பரவி நிற்கும். சம்பு முளைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

கரையடி என்பது சரிவு படுகையைத் தொடும் கோடு. சரிவின் முழுப் பாரமும் இங்கேதான் இறங்குகிறது. பொக்லைன் வாளி இந்த இடத்தில் ஒரு முறை ஆழமாகக் கடித்தால், அடுத்த வெள்ளம் வடியும்போது மேலே இருக்கும் ஈரமண் மொத்தமாகச் சரிந்து இறங்கும். கரையடியை ஒட்டி அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் அகலம்வரை கோரை, புல் போன்ற வளையும் செடிகளைத் தொடாமல் விடுங்கள். ஓடை மிகக் குறுகலாக இருந்தால் ஒரு பக்கமாவது விடுங்கள். இயந்திரத்துக்குப் பல்லில்லாத வாளி போடச் சொல்லுங்கள். பல் வைத்த வாளி களையோடு மண்ணையும் வேரையும் பிய்த்துவிடும்.

கீழ்ச்சரிவுதான் வெள்ளத்தின்போது அதிக நேரம் வேகமான நீரில் இருப்பது. இங்கே விறைத்த புதர் இருக்கக்கூடாது. தடித்த தண்டுகளைத் தரையோடு அறுத்துவிட்டு, வேரை மண்ணிலேயே விடுங்கள். அறுத்த அடிக்கட்டை செத்தாலும் வேர் உடனே மக்காது, சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்திருக்கும். அதற்குள் புல் பிடித்துவிட வேண்டும். வளையும் புதர்களை வைத்துக்கொள்ள விரும்பினால், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வெட்டி இளந்தண்டாகவே வைத்திருங்கள்.

மேல்சரிவும் கரைமேலும் மரத்துக்கான இடம். மரம் இங்கே நிற்பதால் இரண்டு லாபம்: வேர் கரையைத் தைத்துப் பிடிக்கிறது, நிழல் படுகைக் களையைக் கட்டுப்படுத்துகிறது. எத்தனை முறை வெட்டினாலும் அடங்காத சம்புக்கூட்டம் நல்ல நிழல் விழுந்த இடத்தில் தானாகவே மெலிந்துபோகும். கிழக்கு மேற்காக ஓடும் ஓடையில், பூமத்திய ரேகைக்கு வடக்கே தெற்குக் கரை மரங்களும், தெற்கே வடக்குக் கரை மரங்களும் அதிக நிழல் தரும். ஆகையால் ஒரு கரையில் மட்டுமே மரம் வைப்பதானால் அந்தக் கரையைத் தேர்ந்தெடுங்கள்; இயந்திரம் எதிர்க்கரையில் நின்று வேலை செய்யட்டும்.

வைக்கும் மரங்களுக்கு, வெள்ளத்தடம் குறித்த உயரத்துக்கு அரை மீட்டர் மேல்வரை அடிக்கிளைகளைக் கழியுங்கள். ஒரே தடவையில் இலைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் மரம் அடியிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்த்துப் பழைய புதராகவே திரும்பும். உயரம் போதாத மரத்தை இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாகக் கழிக்க வேண்டும். ஏறிப் படர்ந்த கொடிகளை அடியிலேயே அறுத்து இறக்கிவிடுங்கள். மரத்துக்கு மரம் வலையாகப் பின்னி, வரும் குப்பையெல்லாம் பிடிப்பது கொடிதான். மரங்களை நீரோட்டத்துக்கு இணையான ஒரே வரிசையில் வைத்தால், முன்மரத்தின் மறைவில் பின்மரம் நிற்கும், தடை குறையும். அதே எண்ணிக்கை மரம் குறுக்காகச் சிதறி நின்றால் தடை அதிகம்.

செத்த மரம், அடிமண் கரைந்து வேர் வெளியே தொங்கும் மரம், ஓடைப்பக்கம் பாதிக்கு மேல் சாய்ந்த மரம் மூன்றையும் மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். அவை வெள்ளத்தில் விழும்போது வேரோடு ஒரு வண்டி மண்ணையும் கரையிலிருந்து பெயர்த்துக்கொண்டு போகும்.

ஒரு முக்கிய விதிவிலக்கு: மண் கொட்டி எழுப்பிய வெள்ளக்கரை. மேலே சொன்ன மரச் சலுகை எதுவும் அதற்குக் கிடையாது. மரம் சாய்ந்தால் கரையில் பள்ளம் விழும். செத்த வேர் மக்கிய வழியில் தண்ணீர் ஊறி ஒழுகும். புதருக்குள் எலி வளையும் கசிவும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே குட்டையாக வெட்டிய புல் மட்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தன் வெள்ளக்கரைகளில் அடிவிளிம்பிலிருந்து 15 அடிவரை மரமும் புதரும் இல்லாத பட்டை கேட்கிறது. மற்ற இடங்களிலும் அதைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே முதிர்ந்த மரம் கரையில் நின்றால் அவசரப்பட்டு வெட்டி வேரை விட்டுவிடாதீர்கள். வேரைத் தோண்டி எடுத்து, குழியை அதே வகை மண்ணால் அடுக்கடுக்காக இறுக்கி மூட வேண்டும். அதைப் பொறியாளர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

வளைவும் பாலமும்

வளைவில் இரண்டு கரைக்கும் ஒரே விதி வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. உள்வளைவில் வண்டல் படியும், அதில் கன்றுகள் முளைக்கும், முளைத்தவை இன்னும் வண்டலைப் பிடிக்கும். திட்டு வளர வளர ஓட்டம் வெளிவளைவில் மோதும். வெளிவளைவு அரிக்கிறதே என்று அங்கே கல் கொட்டுவதற்கு முன், உள்வளைவுத் திட்டில் இருக்கும் செடிகளைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் பிடிப்பு போன திட்டை அடுத்த வெள்ளமே ஓரளவு கரைத்துவிடும். வெளிவளைவில் மாறாக, மரவேரை முடிந்தவரை காப்பாற்றுங்கள். அங்கே வெட்டவேண்டியது ஓட்டத்துக்குள் நீட்டிய கிளைகளை மட்டும்.

பாலம், குழாய்ப்பாலம், மதகு ஆகியவற்றின் அருகே கண்டிப்பு கூடும். தண்ணீர் சுருங்கி உள்ளே நுழைய, மேல்பக்கம் திறப்பின் அகலத்தைப் போல் குறைந்தது ஒரு மடங்கு தூரம் புதர் இல்லாமல் வேண்டும். வெளியேறி விரிய, கீழ்ப்பக்கம் இரண்டு முதல் நான்கு மடங்கு. கீழ்ப்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாலத்துக்குக் கீழே சம்பு அடைத்திருந்தால் நீர்மட்டம் பாலத்துக்குள்ளேயே ஏறி, மேலே இருப்பவர்கள் பாலம் சிறியது என்று குறைசொல்வார்கள். குப்பை தடுக்கும் கம்பிவலை வைத்திருந்தால், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதை வாரவேண்டும். வார ஆள் இல்லையென்றால் அந்த வலை இல்லாமலிருப்பதே மேல்.

செடிக்குச் செடி வெட்டும் முறை

சம்பு: தண்டு வழியாகத்தான் தண்ணீருக்கடியில் இருக்கும் வேர்த்தண்டுக்குக் காற்று போகிறது. பச்சைத் தண்டோடு காய்ந்த தண்டையும் சேர்த்து, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அறுத்து, சில வாரம் அப்படியே மூழ்கியிருந்தால் வேர்த்தண்டு மூச்சடைத்து அழுகும். தண்ணீர் இறங்கி வெட்டுவாய் வெளியே தெரிந்தால் எல்லாம் வீண், மறுபடி துளிர்க்கும். காய்ந்த தண்டை விட்டுவிட்டுப் பச்சையை மட்டும் அறுப்பதும் வீண், காய்ந்ததும் காற்றுக்குழாய்தான்.

நாணல், கொறுக்கை: மேலே வெட்டினால் அடுத்த மாதமே எழும். வேர்த்தண்டைத் தோண்ட வேண்டும். தோண்டும்போது உடையும் துண்டு ஒவ்வொன்றும் ஒரு புதுச்செடி, எனவே துண்டுகளைப் பிடிக்காமல் விட்டால் அவை மிதந்துபோய்க் கீழே நடவு செய்துவிடும். கரை சரியும் அபாயமுள்ள இடத்தில் தோண்டாதீர்கள். திரும்பத் திரும்ப வெட்டி மெலியவையுங்கள்.

நெய்வேலிக் காட்டாமணக்கு: வெட்டிப்போட்ட தண்டு ஈரத்தில் படுத்த இடத்திலேயே வேர்விடும். வெட்டிய அன்றே கரையைத் தாண்டி ஏற்றி, தரையில் படாமல் குவித்து, மொறுமொறுவென்று காயும்வரை விடுங்கள்.

சீமைக்கருவேலம்: தரையோடு வெட்டினால் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டு வரும், அதுவும் முள்ளோடு தாழ்ந்து படரும். துளிர்மொட்டு இருப்பது வேர்க்கழுத்தில். தரைக்குக் கீழே தோண்டி அந்தப் பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். மேல்சரிவில் இது செய்யலாம். கீழ்ச்சரிவில் குழி விழுந்தால் உடனே மண்ணிட்டு இறுக்கிப் புல் பத்தையால் மூடுங்கள்.

ஆகாயத்தாமரை: எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கரையில் போட்டு ஒரு நாள் வடியவிட்டபின் ஏற்றினால் வண்டிச் சுமை வெகுவாகக் குறையும். சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும், எனவே 90 சதவீதம் எடுத்துவிட்டு நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பழைய நிலைதான். இயந்திரம் விட்டுச்சென்ற ஓரத்துச் செடிகளைக் கையால் பொறுக்கும் வேலைக்குத்தான் ஆள் ஒதுக்க வேண்டும். மிதவைக் கயிறு ஒன்றை ஓடைக்குக் குறுக்கே கட்டி மேலிருந்து வருவதைத் தடுப்பதும் உதவும், ஆனால் வெள்ளம் வரும் முன் அதை அவிழ்த்துவிட வேண்டும்.

களைக்கொல்லியைப் பற்றி: நீர்நிலையில் பயன்படுத்த அனுமதித்த தயாரிப்பைத் தவிர வேறெதையும் கொண்டுபோகாதீர்கள். வயலுக்கு விற்கும் கிளைபோசேட் கலவைகள் பலவற்றில் மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சேர்க்கும் பரப்புப்பொருள் தவளைக்கும் மீனுக்கும் நஞ்சு. அனுமதி இருந்தாலும், தெளிப்பதைவிட அறுத்த அடிக்கட்டையில் அறுத்த சில நிமிடங்களுக்குள் தடவுவதே சரி. தெளித்துச் செத்துப்போன சம்பு நின்றபடியே காய்ந்து தண்ணீரைத் தடுக்கும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. வெட்டும் வேலை அப்படியேதான் இருக்கும்.

விழுந்த மரமும் அடைசலும்

ஓடைக்குள் கிடக்கும் ஒவ்வொரு மரமும் எதிரி இல்லை. ஓட்டத்தின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக அடைத்துக் கிடக்கும் கட்டை நீர்மட்டத்தைக் குறிப்பிடும்படி உயர்த்தாது. அது கரையில் உறுதியாகப் பதிந்திருந்தால் விட்டுவிடலாம்; மீனுக்கும் இடம். குறுக்கே கிடக்கும் கட்டையை எடுப்பதற்குப் பதில், ஒரு முனையைக் கரையோடு சேர்த்து, மறுமுனை நீர் போகும் திசையில் 20 முதல் 40 பாகைக் கோணத்தில் சாயும்படி திருப்பினாலே தடை பெரிதும் விலகும். ஆனால் கீழே பக்கத்தில் பாலம் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. நகரக்கூடிய எதையும் எடுத்துவிடுங்கள்.

அடைசலைக் கலைக்கும்போது தண்ணீர் குறைவாக ஓட வேண்டும். மேலே சிக்கிய சிறு குப்பையை முதலில் வாரி, அடைசலைத் தாங்கும் மையக் கட்டையைக் கண்டுபிடித்து, கரையில் நின்றே கயிறோ வின்ச்சோ போட்டு இழுங்கள். அடைசலுக்குக் கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது. அழுத்தத்தில் வளைந்திருக்கும் கட்டையை ரம்பம் தொட்டதும் வில் போல் தெறிக்கும். வளைவின் உட்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு வெளிப்பக்கம் அறுங்கள், நீங்கள் தெறிக்கும் திசைக்கு வெளியே நின்று. காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வருவது இப்படித்தான்.

வேலையின் ஒழுங்கு

மழைக்காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன் முடிக்கத் திட்டமிடுங்கள். கடைசி வாரத்தில் செய்தால் புல் பிடிக்க நேரமிருக்காது, முதல் மழையே வெற்றுக் கரையை வழித்துவிடும். புதரில் கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்தத் துண்டை விட்டு மற்றதைச் செய்யலாம்.

கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். மேலே திறந்து கீழே அடைத்துவைத்தால், இடையில் ஒரு மழை பெய்தாலும் தண்ணீர் முழுவதும் அடைத்த இடத்தில் வந்து முட்டும். நாணல் போன்றவற்றுக்கு மட்டும், கீழ்முனையில் வலையோ மிதவையோ கட்டித் துண்டுகளைப் பிடிப்பது அவசியம். நீளமான ஓடையை 50 முதல் 100 மீட்டர்த் துண்டுகளாகப் பிரித்து, புதர் வெட்டுவதைச் சுழற்சியில் வையுங்கள்: இந்த வருடம் மூன்றில் ஒரு பங்கு, ஒரு கரை, அடுத்த வருடம் அடுத்த பங்கு. மோசமான கழுத்துப் பகுதிகளும் பாலத்து வாய்களும் சுழற்சியில் சேராது, அவை வருடாவருடம்.

வெட்டியதைக் கரைவிளிம்பில் குவிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பாரம் ஏறிக் கரை விரியும். வெள்ளம் வந்தால் குவியல் முழுவதும் ஓடைக்கே திரும்பி முதல் பாலத்தில் அடைக்கும். கரை உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி, வெள்ளத்தடத்துக்கு மேலே கொண்டுபோங்கள். தூர்வாரிய வண்டலுக்கும் இதே விதி. வண்டலை நீளமாக வரப்பு போல் கரைமேல் விட்டால், வெளியே வந்த வெள்ளம் திரும்ப ஓடைக்குள் வடிய முடியாமல் வெளியே நிற்கும்.

வெறுமையான இடம் எதையும் அன்றே மூட வேண்டும். அருகம்புல் வேர்த்துண்டுகளை 30 சென்டிமீட்டர் இடைவெளி வரிசையில் ஊன்றி, முதல் மூன்று வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தரை மூடும். அரிப்பு அதிகமுள்ள மேல்சரிவில் வெட்டிவேர் நாற்றுகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், கரைக்கு நீளவாட்டில் வரிசையாக நடலாம். விறைப்பான செடி என்பதால் கீழ்ச்சரிவில் வேண்டாம்.

முதல் வருடத்தில் மூன்று முறை திரும்ப வாருங்கள். ஆறு வாரத்தில் ஒருமுறை, அடிக்கட்டைத் துளிர்களைத் தட்டிவிட. முதல் பெருமழைக்குப் பின் ஒருமுறை, கரையடி அரித்திருக்கிறதா, புதுக் குப்பைக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்க. தண்ணீர் வடிந்தபின் ஒருமுறை, ஈரப்படுகையில் முளைத்த கன்றுகளைப் பிடுங்க. குப்பைக்கோட்டின் உயரத்தைப் பழைய குறியோடு ஒப்பிடும்போது மழையின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். மழை குறைவாகப் பெய்த வருடத்தில் கோடு இறங்கியிருப்பது வேலையின் பலனாக இருக்கத் தேவையில்லை. அதே அளவு மழைக்குக் கோடு ஏறியிருந்தால், கீழே நடந்துபோய் முதல் பாலத்தின் வாயிலிருந்து தேடத் தொடங்குங்கள்.